திரும்பத் திரும்ப உடைஞ்ச டோர் ஹேண்டில்: ஒரு பழைய பிக்கப் ட்ரக்கோட முழு கேஸ்

வண்டி 90களோட ஆரம்பத்துல வந்த ரெண்டு கதவு பிக்கப். பவர் விண்டோ, பவர் லாக் எதுவும் கிடையாது, கண்ணாடிய கையால சுத்தி ஏத்தணும், லாக் பட்டன கையால அமுக்கணும். கம்பெனி பேரு இங்க தேவையில்ல, அந்தக் காலத்து பிக்கப் எதை எடுத்தாலும் கதவுக்குள்ள அமைப்பு பெரும்பாலும் இதேதான். வண்டி நண்பரோடது, வேலைய ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தோம்.

கம்ப்ளைன்ட் என்னன்னா, டிரைவர் பக்கம் வெளி ஹேண்டில தூக்கினா சில நேரம் திறக்கும், சில நேரம் லொடலொடன்னு மேல வந்துட்டு சும்மா நிக்கும். உள் ஹேண்டில் இழுக்க இழுக்க டோர் பேடோட (கதவோட உள்பக்க மூடி) சேர்ந்து முன்னாடி வருது. சாவி போட்டா முழுசா சுத்துது ஆனா லாக் ஆகல. கதவ சாத்தினா ஒரே ஒரு கிளிக்தான் கேக்கும், ரெண்டாவது கிளிக்குக்கு நல்லா ஓங்கி அடிக்கணும். இதெல்லாம் டிரைவர் பக்கம். பயணி உக்கார்ற அந்தப் பக்க கதவு இன்னும் மோசம், மூடினது மூடினதுதான், உள்ளேருந்தும் வராது வெளியேருந்தும் வராது, சாவி ஓட்டைக்குள்ள சாவியே பாதிக்கு மேல போகல.

நண்பர் ஏற்கனவே ரெண்டு பக்கத்துக்கும் புது ஹேண்டில் வாங்கி வச்சிருந்தார். மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனப்பு. ஆனா சீட்டுக்கு அடியில ஒரு டப்பால பழைய ஓனர் கழட்டிப் போட்ட டிரைவர் சைடு ஹேண்டில் கெடந்துச்சு, அதுவும் உடைஞ்சதுதான். அத எடுத்து இப்ப வண்டியில இருக்குறதோட பக்கத்துல வச்சு பாத்தா ரெண்டுமே ஒரே எடத்துல, உள்பக்கம் லிங்க் ராட (ஹேண்டில பூட்டோட இணைக்குற கம்பி) தள்ளுற அந்தக் கை ஆரம்பிக்கிற வளைவுலதான் விட்டிருக்கு. பழைய ஹேண்டில் ஒண்ணு உடையறது சகஜம். அதுக்குப் பதிலா போட்டதும் அதே எடத்துல உடைஞ்சிருக்குன்னா அங்க ஏதோ ஒண்ணு அத உடைக்குதுன்னு அர்த்தம். அதனால புது ஹேண்டில் பெட்டிய ஓரமா வச்சுட்டு மொதல்ல ஏன்னு பாக்கலாம்னு முடிவாச்சு.

உடைஞ்ச எடத்த உத்துப் பாத்தாலே நெறைய தெரியும். இந்த ஹேண்டில்லாம் துத்தநாகக் கலவைய அச்சுல வார்த்து எடுத்தது, துத்தநாகத்தோட சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த சமாச்சாரம், மேல குரோமோ பெயின்ட்டோ இருக்கும். வளையாது, ஒரு அளவுக்கு மேல போனா பட்டுனு விடும், குளிருல இன்னும் சீக்கிரம் விடும். நம்ம கைல இருந்த துண்டுல உடைஞ்ச பரப்புல முக்கால்வாசி கருத்துப் போய் அழுக்கு ஏறி இருந்துச்சு, மிச்சம் மட்டும் வெள்ளி மாதிரி பளிச்சுனு இருந்துச்சு. அப்டின்னா ஒரே நாள்ல உடைஞ்சது இல்ல, ரொம்ப நாளா விரிசல் விட்டு கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி கடைசி துண்டு மட்டும் சமீபத்துல போயிருக்கு. ஒவ்வொரு தடவ கதவு திறக்கும்போதும் இந்தக் கைக்கு தேவைக்கு மேல லோடு விழுந்துருக்கு. (இத வெல்டு பண்ணலாமான்னு கேப்பாங்க. 380 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் உருக ஆரம்பிக்கிற உலோகம் இது, சாதாரண வெல்டிங்ல ஒழுகிடும். எபாக்சி போட்டு ஒட்டினா கொஞ்ச நாள் தாங்கும், அவ்ளோதான்.)

கதவு திறந்திருக்கும்போது ஒரு டெஸ்ட்

பூட்டு பிரச்சனைன்னு யார் சொன்னாலும் மொதல்ல செய்ய வேண்டியது இதுதான், டூல்னு பாத்தா ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கதவ நல்லா திறந்து வச்சுட்டு, கதவோட ஓரத்துல இருக்குற லாட்ச் (கதவ மூடிப் புடிச்சுக்குற பூட்டு) வாய்க்குள்ள ஸ்க்ரூடிரைவர விட்டு, ஸ்ட்ரைக்கர் (பாடித் தூண்ல, அதாவது பில்லர்ல, லாட்ச் வந்து மாட்டுற இரும்பு) வந்து தள்ளுற மாதிரி உள்ள திரும்புற முள்ளத் தள்ளணும். ஒரு கிளிக், அப்புறம் இன்னொரு கிளிக். ரெண்டும் கேட்டா லாட்ச் பூட்டிக்குச்சு. இப்ப வெளி ஹேண்டில், உள் ஹேண்டில், லாக் பட்டன், சாவி ஒவ்வொண்ணா இயக்கிப் பாக்கணும், ஒவ்வொரு தடவையும் திரும்ப ரெண்டு கிளிக் போட்டு. முடிச்சதும் லாட்ச்ச மறுபடி திறந்த நிலைக்கு கொண்டு வந்துட்டுதான் கதவ மூடணும், பூட்டின லாட்ச்சோட கதவ அடிச்சா ஸ்ட்ரைக்கர்ல மோதி புதுசா ஒரு செலவு.

டிரைவர் பக்கம் இதப் பண்ணினப்ப, அந்த பாதி உடைஞ்ச வெளி ஹேண்டில்லயே லாட்ச் லேசா திறந்துச்சு! ரெண்டு கிளிக்கும் விரலால தள்ளினாலே வந்துச்சு. அதே லாட்ச் கதவ மூடின பிறகு மட்டும் முரண்டு பிடிக்குது. அப்ப லாட்ச் முக்கிய குற்றவாளி இல்ல, கதவு வந்து உக்கார்ற எடம்தான் தப்பு.

அடுத்து கதவ பாதி திறந்து பின்பக்க ஓரத்த ரெண்டு கையாலயும் மேல தூக்கிப் பாத்தோம். நல்லாவே ஏறி எறங்குச்சு, மேல் கீல்ல டக் டக்னு சத்தம். கீலோட அச்சாணியும் (பின்) அத சுத்தி கீலுக்குள்ள இருக்குற வெண்கல புஷ்ஷும் (வளையம்) தேஞ்சு போச்சு. மேல் கீல்தான் பெரும்பாலும் மொதல்ல போகும், கதவு தன்னோட வெயிட்டால மேல் கீல வெளிய இழுக்குது, கீழ் கீல உள்ள அமுக்குது, தேய்மானம் மேல அதிகம். இது தேஞ்சதும் கதவோட பின்பக்கம் தொங்கிடும். ஸ்ட்ரைக்கர்லயும் சாட்சி இருந்துச்சு, சுத்தி இருக்குற பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் முழுசா தேஞ்சு இரும்பு தெரியுது, மறுபக்கம் புதுசு மாதிரி.

இப்ப மொத்தமும் புரியும். தொங்குன கதவு மூடும்போது லாட்ச் வாய் ஸ்ட்ரைக்கர விட கீழ வருது, ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரைக்கர்தான் கதவ மேல தூக்கி விடுது. அதனால ஓங்கி அடிச்சாதான் ரெண்டாவது கிளிக். மூடின பிறகும் கதவோட வெயிட்டு லாட்ச் மேல தொங்கிட்டே இருக்கு, உள்ள பூட்டிப் புடிச்சிருக்குற கொக்கி அந்த லோடுல இறுகிப் போய் நிக்குது. அத விடுவிக்க ஹேண்டில்ல கூடுதல் பலம் குடுக்கணும். அந்த பலம் முழுக்க அந்த துத்தநாகக் கை மேல. உள் ஹேண்டில் பேடோட ஆடினதும் இதே காரணம்தான், அத புடிச்சிருந்த ரிவெட்டுங்க இழுத்து இழுத்து லூசாயிடுச்சு. ஹேண்டில், உள் ஹேண்டில், ஒரு கிளிக்னு தனித்தனியா சொன்னதெல்லாம் ஒரே கோளாறு. ஹேண்டில மட்டும் மாத்தி அனுப்பியிருந்தா இதுவும் அதே வளைவுல உடைஞ்சிருக்கும்.

ஒரு கிளிக்கோட ஓட்டலாமான்னா கூடாது. மொத கிளிக் அவசரத்துக்கு வச்ச நிலை, கதவு சரியா மூடலன்னாலும் உடனே திறந்துடக் கூடாதுன்னு. அமெரிக்காவோட வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 206 படி முழுசா பூட்டின லாட்ச் நீளவாக்குல 11,000 நியூட்டன், குறுக்குவாக்குல சுமார் 9,000 நியூட்டன் இழுவை தாங்கணும், மொத கிளிக் நிலைக்கு சுமார் 4,450 நியூட்டன் போதும். கிலோ கணக்குல தோராயமா 1,100க்கு எதிரா 450. அதுவும் புது லாட்ச்சுக்கு, முப்பது வருஷம் தேஞ்சதுக்கு இல்ல.

டிரைவர் கதவு வேலை

வரிசை முக்கியம். கீல், ஸ்ட்ரைக்கர், லாட்ச், ராடு, ஹேண்டில், சிலிண்டர் (சாவி போற உருளை), இந்த ஆர்டர்ல போனா ஒவ்வொண்ணும் முந்தினத நம்பி செட் ஆகும். ஆளுங்க பெரும்பாலும் தலைகீழா போறாங்க, ஹேண்டில மாத்தி, ராட வளைச்சு, ஸ்ட்ரைக்கர எறக்கி, கடைசில கதவு வேற எங்கயோ உரசிட்டு நிக்கும்.

கீல் பின் மாத்த கதவ கீழேருந்து தாங்கணும். ஜாக்கி மேல மரக்கட்டை, அது மேல துணி, பக்கத்துல ஒரு ஆள். சில பிக்கப்ல கீல்லயே ஒரு கனமான ஸ்பிரிங் இருக்கும், கதவு பாதில நிக்கிறதுக்கு, அத அதுக்கான கம்ப்ரஸர் டூல் இல்லாம கழட்டவே கூடாது, தெறிச்சா கண்ணு போயிடும். இந்த வண்டில அது இல்ல. பழைய பின்ன கீழேருந்து சுத்தியால தட்டி எடுத்து, புஷ்ஷ வெளிய தள்ளி, ஓட்டைய சுத்தம் பண்ணி புது புஷ் அடிச்சு எறக்கினோம். ஒரே நேரத்துல ரெண்டு கீலையும் கழட்டல, ஒண்ணு முடிச்சுட்டு அடுத்தது, அப்பதான் கதவு இருந்த எடத்த விட்டு ஓடாது.

அப்புறம் ஒரு வேலை, நெறைய பேர் விட்டுடுவாங்க. ஸ்ட்ரைக்கர முழுசா கழட்டிட்டு கதவ மெதுவா மூடிப் பாக்கணும். (கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தி பென்சில்ல கோடு போட்டுக்கணும், பின்னாடி நட்டு இருக்குற தட்டு பில்லருக்குள்ள விழாம இருக்கான்னும் பாத்துக்கணும்.) ஸ்ட்ரைக்கர் இல்லாதப்ப கதவு எங்க நிக்கணும்னு கீல் மட்டும்தான் சொல்லுது. பாடி லைனும் கதவு லைனும் நேரா இருக்கா, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா இருக்கா. நம்ம கதவு புது பின்னோட கிட்டத்தட்ட சரியா வந்துடுச்சு, மேல் கீல் போல்ட்ட கொஞ்சம் லூஸ் பண்ணி ஒரு நூல் தூக்கினதும் சரியாச்சு. பிறகு ஸ்ட்ரைக்கர மாட்டி, அது மேல கொஞ்சம் கிரீஸ் தடவி, கதவ மூடித் திறந்து லாட்ச் வாய்ல எங்க ஒட்டுதுன்னு பாத்து நடுவுக்கு கொண்டு வந்தோம். பல பிக்கப்ல ஸ்ட்ரைக்கர் தலை டி50 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ பிட்), நல்லா இறுக்கமா இருக்கும், தேஞ்ச பிட்ட வச்சு முயற்சி பண்ணினா தலை வழுக்கிடும். தேஞ்ச உறை உள்ள பழைய ஸ்ட்ரைக்கர திரும்பப் போடல, புதுசு போட்டாச்சு.

இந்த நிலைல கதவ ரெண்டு விரலால தள்ளினா ரெண்டு கிளிக்கும் வருது. ஹேண்டில் இன்னும் மாத்தவே இல்ல.

டோர் பேட் கழட்டுறதுல கண்ணாடி சுத்துற கைப்பிடிதான் எல்லாரையும் படுத்தும், அது பின்னாடி குதிரை லாடம் வடிவத்துல ஒரு கம்பி கிளிப் இருக்கும். டூல் இல்லன்னா ஒரு துணிய கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவுல விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தா கிளிப் தெறிச்சு வெளிய வந்துடும், எங்க விழுதுன்னு ஒரு ஆள் பாத்துக்கணும். ஆர்ம்ரெஸ்ட்ல ஒளிஞ்சிருக்குற ஸ்க்ரூ எல்லாம் எடுத்துட்டுதான் பேட இழுக்கணும். பேடுக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் ஷீட்ட கிழிக்காம உரிச்சு எடுத்து திரும்ப ஒட்டணும். கண்ணாடி வழியா எறங்குற மழைத்தண்ணி கதவுக்குள்ளயே ஓடி அடியில இருக்குற ஓட்டை வழியா போறதுக்குத்தான் அந்த ஷீட்டு, அது இல்லன்னா தண்ணி பேட ஊற வச்சு கேபினுக்குள்ள எறங்கும். அடி ஓட்டைங்களையும் கம்பி விட்டு குத்தி விட்டோம், உள்ள மண்ணும் இலையும் அப்பிப் போய் அடைஞ்சு கெடந்துச்சு. லாட்ச் துரு புடிக்க அந்த ஈரமே போதும்.

லாட்ச்ச புடிச்சிருக்குறது கதவு ஓரத்துல இருக்குற மூணு ஸ்க்ரூ. பெயின்ட்டும் துருவும் சேர்ந்து இறுகி இருக்கும், சும்மா ஸ்க்ரூடிரைவர் போட்டு திருகினா தலை போயிடும், சுத்தியால அடிக்க அடிக்க திரும்புற இம்பாக்ட் டிரைவர்தான் சரி. வெளிய எடுத்த லாட்ச்ல பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கெட்டியாகி இருந்துச்சு. மண்ணெண்ணெய்ல ஊற வச்சு பிரஷ் போட்டு, காய வச்சு, ஸ்பிரிங் எல்லாம் முழுசா இருக்கான்னு பாத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமா. மாத்த வேண்டிய அவசியம் வரல. ஸ்க்ரூவுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராம புடிக்கிற பசை).

உள் ஹேண்டில் ரிவெட்டுங்கள டிரில் பண்ணி எடுத்துட்டு 6 மில்லிமீட்டர் போல்ட்டும் நைலான் நட்டும் போட்டோம். தகட்டுல ஓட்டை நீளமா தேஞ்சிருந்துச்சு, அதுக்குப் பின்னாடி பெரிய வாஷர் வச்சாச்சு. போல்ட்டோட முனை கண்ணாடி எறங்குற வழில நீட்டாம இருக்கணும், மாட்டினதும் கண்ணாடிய முழுசா எறக்கி ஏத்திப் பாக்கணும்.

இப்பதான் வெளி ஹேண்டில். கண்ணாடிய மேல ஏத்திட்டு உள்ளேருந்து ரெண்டு நட்டு, அவ்ளோ சுலபம். ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி புதுசையும் பழசையும் பக்கத்துல வச்சு அந்தக் கையோட நீளத்தையும் வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரிஜினல் இல்லாத ஹேண்டில்ல கை கொஞ்சம் குட்டையா வர்றது உண்டு, நமக்கு வந்ததும் அப்டித்தான், ராடு முனைல இருந்த மரைய திருகி சரி பண்ணிட்டோம். இதுல கவனம் வேணும், ராட இழுத்து டைட்டா செட் பண்ணினா ஹேண்டில் தொட்டதும் திறக்கும், ஆனா கொக்கி முழுசா விழாது, ஓடுற வண்டில கதவு திறந்துக்கும். ஹேண்டில் சும்மா இருக்கும்போது ராடுல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தே ஆகணும். ராடு முனையில இருக்குற பிளாஸ்டிக் கிளிப் எல்லாமே புதுசு, பழசு தொட்டாலே பொடியாச்சு. கம்பி சுத்தி கட்டி விடுறத நெறைய வண்டில பாத்திருக்கேன், சத்தமும் வரும், ஒரு நாள் அவுந்தும் போகும்.

சாவி சும்மா சுத்துனதுக்கு காரணம் சிலிண்டர் பின்னாடி இருக்குற நாக்க புடிச்சிருந்த சின்ன கிளிப் காணாமப் போனதுதான். புதுசு ஒண்ணு போட்டதும் சரியாச்சு.

திறக்காத கதவு

அந்தப் பக்க கதவுல பெரிய தலைவலி என்னன்னா லாட்ச் ஸ்க்ரூ, ஸ்ட்ரைக்கர், கீல் போல்ட்டு எதையும் கதவு திறக்காம தொட முடியாது, டோர் பேடோட சில ஸ்க்ரூவும் மூடின கதவோட ஓரத்துலதான் இருக்கு.

மொதல்ல லோட எறக்கிப் பாத்தோம். ஒருத்தர் வெளிய நின்னு கதவ உள்பக்கமா அமுக்கணும், கொஞ்சம் மேல தூக்கியும் குடுக்கணும், இன்னொருத்தர் உள்ள லாக் பட்டன மேல இழுத்துப் புடிச்சுட்டே உள் ஹேண்டில இழுக்கணும். தொங்குன கதவுக்கு பெரும்பாலும் இதுவே போதும், ஏன்னா கொக்கி மேல இருக்குற இறுக்கம் ஒரு நொடி விட்டாலே வந்துடும். வரல. உள் ஹேண்டில் கனமே இல்லாம வந்துச்சு, அப்ப ராடு கழண்டு கெடக்கு. கதவு இடுக்குல ஸ்ட்ரா விட்டு துரு இளக்குற ஸ்பிரே லாட்ச் பக்கம் அடிச்சு விட்டுட்டு, அது ஊறுற நேரத்துல சீட்ட கழட்டினோம். இந்த வண்டில நீள பெஞ்ச் சீட்டு, நாலு போல்ட்டு, அது போனதும் கதவு முன்னாடி உக்காந்து வேலை பாக்க எடம் கெடச்சுது.

டோர் பேட முழுசா எடுக்க முடியாது, கைக்கு எட்டுற ஸ்க்ரூவ எல்லாம் எடுத்துட்டு பின்பக்க கீழ் மூலைய மட்டும் நெம்பி வளைச்சோம். அட்டை பேட்டுன்னா உடையும்னு தெரிஞ்சேதான் பண்ணணும், கதவ வெட்டுறத விட பேடு போறது மேல். உள்ள கை விட்டா தகட்டோட ஓரம் கத்தி மாதிரி, தடிமனான கையுறை போட்டுக்கணும். டார்ச் அடிச்சுப் பாத்தா ரெண்டு விஷயம். உள் ஹேண்டில் ராடு முனைல கிளிப் இல்லாம கீழ தொங்குது. வெளி ஹேண்டில் கை, நெனச்ச மாதிரியே, அதே வளைவுல போயிருக்கு.

லாட்ச்ல வெளிய நீட்டிட்டிருக்குற நெம்பு கோல் எதுன்னு டிரைவர் பக்கம் ஏற்கனவே கழட்டிப் பாத்ததால தெரியும், இந்தப் பக்கம் கண்ணாடில பாக்குற மாதிரி மாறி இருக்கும், அவ்ளோதான். இதுக்காகவே திறக்குற கதவ மொதல்ல முடிக்கிறது நல்லது. மொதல்ல லாக் கோல திறந்த நிலைக்கு தள்ளணும், அது பூட்டின நிலைல இருந்தா மத்த கோல எவ்ளோ தள்ளினாலும் வெறும் ஆட்டம்தான். அப்புறம் நீள ஸ்க்ரூடிரைவரால திறக்குற கோல அமுக்க, வெளிய நண்பர் கதவ உள்ள அமுக்கி விட, மூணாவது நாலாவது அமுக்குல டொப்னு வந்துச்சு. வராம போயிருந்தா அடுத்தது ஸ்ட்ரைக்கர இடுக்கு வழியா ரம்பம் போட்டு அறுக்குறது, அதுல பெயின்ட்டும் போகும் பொறுமையும் போகும்.

திறந்த பிறகு வேலை டிரைவர் பக்கம் மாதிரியேதான், அதனால திரும்ப எழுதல. வித்தியாசம் ரெண்டு. லாட்ச்ச எவ்ளோ ஊற வச்சும் முள்ளு பாதில நின்னுச்சு, திரும்பி வர்ற ஸ்பிரிங் துருல அறுந்திருந்துச்சு, இத மாத்தியே ஆகணும்னு மாத்தியாச்சு. இன்னொண்ணு சிலிண்டர்.

சாவி போகாத சிலிண்டர்னு சொன்னதும் புது செட்டு வாங்கி ரெண்டு சாவியோட அலையறதுதான் வழக்கம். தேவையில்ல. அந்தக் காலத்து கதவு பூட்டுல உள்ள பித்தளைல மெல்லிசு மெல்லிசா தகடுங்க இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு குட்டி ஸ்பிரிங், சரியான சாவி போனா எல்லாம் உள்ள எறங்கி சமமா நிக்கும். புது சிலிண்டர் வாங்கி அதுல தகடுங்கள இடம் மாத்தி, கிட்ல வர்ற தகட சேர்த்து பழைய சாவிக்கே பொருத்திடலாம், பூட்டு வேலை தெரிஞ்சவங்க பண்ணிக் குடுப்பாங்க. ஆனா அதுக்கு முன்னாடி சாவியப் பாருங்க. நம்ம சாவி பல்லு எல்லாம் மழுங்கி போச்சு. தேஞ்ச சாவிய வச்சு டூப்ளிகேட் போட்டா தேய்மானத்தையும் சேர்த்துதான் காப்பி எடுக்கும், அதுக்கு ஏத்த மாதிரி புது சிலிண்டர செட் பண்ணினா இன்னும் குழப்பம். சில வண்டில சிலிண்டர் மேலயே கோட் நம்பர் அடிச்சிருக்கும், கழட்டினப்ப நம்மதுலயும் இருந்துச்சு, அந்த கோட வச்சு புதுசா வெட்டின சாவி டிரைவர் பக்கமும் இக்னிஷன்லயும் முன்ன விட வழவழன்னு போச்சு. அந்த சாவிக்குத்தான் புது சிலிண்டர பொருத்தினோம்.

சிலிண்டருக்குள்ள எண்ணெய் வேணாம். டபிள்யூடி-40 அடிச்சா அப்ப நல்லா சுத்தும், ஒட்டியிருக்குற ஈரப்பசைல தூசி வந்து அப்பிக்கும். கிராஃபைட் பொடியோ உலர்ந்து போற பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரேயோ போதும். கிரீஸ் லாட்ச்சுக்கு, பொடி சாவி ஓட்டைக்கு, ரெண்டையும் கலந்தா களிமண்ணாயிடும்.

இப்ப ரெண்டு கதவும் விரலால தள்ளினா மூடுது, ஹேண்டில் ரெண்டும் லேசு. கொஞ்ச நாள் ஓட்டினதும் டிரைவர் பக்க கதவு ஒரு நூல் எறங்கி இருந்துச்சு, புது புஷ் உக்கார்ற வரைக்கும் இப்படி ஆகும், திரும்ப ஏத்தி இறுக்கியாச்சு. பயணி பக்க மேல் கீல்ல புஷ் உக்கார்ற ஓட்டையே முட்டை வடிவத்துல தேஞ்சு கெடக்கு, புது புஷ் போட்டும் ஒரு சின்ன ஆட்டம் மிச்சம் இருக்கு. அதுக்கு அளவு பெருசான புஷ் போட ஓட்டைய ரீமர் வச்சு வட்டமாக்கணும், இல்லன்னா கீலையே மாத்தணும். நண்பர் கீலையே மாத்திடலாம்ங்குறார், ஆனா அந்தக் கீல் கதவு பக்கம்தான் போல்ட்டு, பாடி பக்கம் வெல்டு பண்ணினது, வெல்டுப் புள்ளிய எல்லாம் டிரில் பண்ணி எடுக்கணும். என்னோட ஓட்டு ரீமருக்குத்தான், பெரிய புஷ் கையில கெடச்சதும் அந்த வேலைய எடுப்போம்.